சடங்கு முடிந்தது, கடமை முடியவில்லை

(தோட்டத்துப் பெற்றோர்களுக்காக ஆற்றிய உரை)



நம் வீட்டுப் பெண் பூப்பெய்தினால் நாம் என்ன செய்கிறோம்? உற்றார் உறவினருக்குச் சொல்லியனுப்புகிறோம். வாசலில் பந்தலிடுகிறோம். தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார். மணப்பெண்ணைப் போல் பட்டுடுத்தி, மாலை சூட்டி, படமெடுத்து, லயத்துக்கே விருந்து வைக்கிறோம். இவை யாவும் நம் மரபு, குறை கூறுவதற்கில்லை. ஆயினும், அந்தப் பந்தலின் நடுவே அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம் நாம் என்ன பேசுகிறோம்? தன் உடலில் நேர்ந்த மாற்றம் எத்தகையது, அது எதற்காக, இனித் தான் கருவுறக்கூடியவள் என்பதன் பொருள் யாது என அவளுக்கு விளக்கிச் சொல்வோர் நம்மில் எத்தனை பேர்? ஊருக்கெல்லாம் அறிவித்த செய்தியை, அச்செய்திக்கு உரியவளுக்கு மட்டும் விளக்காமல் விட்டுவிடுகிறோம்.

பதின்ம வயதில் கருவுறும் பெண்களைப் பற்றியே இன்று பேச முற்பட்டுள்ளோம். இது நாலு பேர் நடுவே பேசத் தக்கதா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். பேசாதிருந்ததால் இக்கேடு குறைந்துவிடவில்லை. மறைந்து வளர்ந்ததே மிச்சம்.

காரணங்கள் யாவை?

முதற் காரணம் அறியாமை. வீட்டில் எவரும் சொல்லாததைப் பெண் தன் தோழியரிடமிருந்தோ கைப்பேசியிலிருந்தோ அரைகுறையாகக் கற்றுக்கொள்கிறாள். "ஒருமுறையால் ஒன்றும் ஆகாது" என்று ஓர் இளைஞன் சொன்னால் அதையும் நம்பிவிடுகிறாள்.

இரண்டாவது, தனிமை. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, மங்குப் பாலைச் சேர்த்து, நிறுவை முடித்து வீடு திரும்பும் பெற்றோருக்கு உடல் அசதியே மிகுதி. அந்நேரம் வரை பிள்ளைகள் தாமாகவே இருக்கின்றனர். அதிலும் இடைநிலைப் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய பெண், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறாள். கனிவாகப் பேசும் எவரையும் அவள் மனம் எளிதில் நம்பும்.

மூன்றாவது, கைப்பேசி. முகமறியா ஆடவர் அன்பு மொழி பேசிப் பிள்ளைகளை வலையில் வீழ்த்துவது இன்று எளிதாகிவிட்டது. 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களை இவ்வாறு மயக்கி வசப்படுத்துவதையே தனிக்குற்றமாக வகுத்துள்ளது.

நான்காவது காரணத்தைச் சொல்ல நா கூசினாலும் சொல்லாமல் விடுவதற்கில்லை. எல்லாப் பெண்களும் காதலால் கருவுறுவதில்லை. உறவினரோ, அண்டை வீட்டாரோ, வீட்டில் தங்க இடம் பெற்றவரோ இழைக்கும் கொடுமையாலும் இது நேர்கிறது. அந்நிலையில் மகளை அடிப்பது, காயம்பட்டவரையே தண்டிப்பதாகும்.

விளைவுகளைக் காண்போம்

நாம் இளம் பால்மரத்தில் கத்தி வைப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் வளர்ந்து, அடிமரம் உரிய சுற்றளவை எய்திய பின்னரே வெட்டத் தொடங்குகிறோம். முன்கூட்டி வெட்டினால் மரம் நலிந்துபோகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மரத்துக்குக் காட்டும் பொறுமை மகளுக்கும் வேண்டாமா?

முழு வளர்ச்சி பெறாத உடல் கருவைச் சுமக்கும்போது இரத்தச் சோகையும், இரத்த அழுத்தம் ஏறி வலிப்புக் காணும் நிலையும், பேறுகாலத்துக்குப் பின் நோய்த்தொற்றும் நேரிடும் அபாயம் மிகுதி. குழந்தை குறைமாதத்தில் அல்லது எடை குறைந்து பிறக்கவும் கூடும். உலகெங்கும் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களின் இறப்புக்குரிய முக்கியக் காரணங்களுள் கருத்தரிப்பாலும் பிள்ளைப்பேற்றாலும் வரும் சிக்கல்களும் அடங்கும் என உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

இந்த அபாயத்தை இருமடங்கு கொடிதாக்குவது மறைப்பு. அஞ்சிய பெண் வயிற்றை இறுகக் கட்டி மறைக்கிறாள். மருந்தகத்தின் பக்கமே செல்வதில்லை. யாரோ விற்கும் மாத்திரையை விழுங்குகிறாள். அதனால் உதிரப் பெருக்கு ஏற்பட்டு உயிருக்குப் போராடுகிறாள். இறுதியில் குளியலறையில் தனியே பிள்ளை பெற்று, செய்வதறியாது அதைக் கைவிட்டுவிட்டு, நீதிமன்றத்தில் நிற்கவும் நேர்கிறது. கைவிடப்படும் சிசுக்களைக் காக்கவே 2010ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயாவில் குழந்தைகளை ஒப்படைக்கும் தொட்டில் அமைப்பு தொடங்கப்பட்டது. அத்தகைய தொட்டில் தேவைப்பட்டதே நம் மௌனத்தின் விளைவு அல்லவா?

தாலி கட்டினால் தீருமா?

"விஷயம் வெளியே தெரியுமுன் கோவிலில் தாலியைக் கட்டிவிடுவோம்" என்பதே நம்மில் பலர் காணும் வழி. சட்டம் என்ன சொல்கிறது? முஸ்லிம் அல்லாதாருக்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி 18 வயது நிறையாதவரின் திருமணம் செல்லாது. 16 வயது நிறைந்த பெண்ணுக்கு மட்டும், மந்திரி புசார் அல்லது முதலமைச்சரின் சிறப்பு அனுமதி இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே பதினைந்து வயதுப் பெண்ணின் கழுத்தில் அவசரமாகக் கட்டும் தாலி அவளுக்கு மனைவி என்னும் உரிமையைத் தராது. ஜீவனாம்சம் கோர வேண்டிய நாளில் அவள் வெறுங்கையோடு நிற்பாள்.

மேலும், 16 வயதுக்குக் குறைந்த பெண்ணுடன் உறவு கொள்வது, அவள் இசைந்தாலும் இசையாவிட்டாலும், தண்டனைச் சட்டத்தின்படி கற்பழிப்பே ஆகும். இதை நம் ஆண் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்காமல் மறைப்பதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாகக் கொள்கிறது. குடும்ப மானத்தைக் காப்பதாக எண்ணி, கொடியவனைக் காத்துவிடலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

வருமுன் காப்பதே அறிவுடைமை. சடங்கு நாளுக்கு முன்னரே தாய் தன் மகளிடம் உடலைப் பற்றித் தெளிவாகப் பேசுதல் வேண்டும். தொடத் தகாத இடத்தில் எவர் தொட்டாலும், அவர் மாமனாயினும் சித்தப்பனாயினும், உடனே வந்து சொல்லலாம், அடி விழாது என்னும் உறுதியை அளித்தல் வேண்டும். தந்தையும் தன் மகனிடம் பேசுதல் வேண்டும். கட்டுப்பாடு பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. பேசத் தயங்குவோர் மருந்தகத்துத் தாதியரையோ பள்ளி ஆலோசக ஆசிரியரையோ நாடலாம். 1966இல் நிறுவப்பட்ட தேசிய மக்கள் தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் ஆலோசனை வழங்குகிறது.

பெண்ணின் படிப்பை நிறுத்தாதீர்கள். பள்ளியில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவளுக்குக் காவலாகும். சம்பளம் குறைவென்று அவளை வீட்டில் நிறுத்துவதால் மிச்சப்படும் பணம், பின்னர் வரும் இழப்புக்கு ஈடாகாது.

இத்தனைக்கும் பின்னர் ஒரு பெண் கருவுற்றுவிட்டாள் எனில்? முதலில் கையை ஓங்காதீர்கள். அன்றே அரசாங்கத் தாய்சேய் நல மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு வாரத் தாமதமும் தாய்க்கும் சேய்க்கும் கேடு. பாலியல் கொடுமை நேர்ந்திருக்கலாம் என்று கருதும் மருத்துவர், 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி சமூக நல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அது பெண்ணைத் தண்டிப்பதற்கு அன்று, அவளைக் காப்பதற்கே. எங்கே செல்வதென அறியாதோர் 15999 என்னும் தாலியான் காசே எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

குழந்தை பிறந்ததும் பிறப்பைப் பதியுங்கள். வெட்கத்தால் பதியாமல் விட்ட குழந்தை, பள்ளி வயதில் பத்திரமின்றி அலையும். நம் தோட்டங்களில் அடையாள ஆவணமின்றித் தவித்தோரின் துயரம் நாம் அறியாததன்று. இளந்தாயின் கல்வியையும் கைவிட வேண்டாம். எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் மாணவராகவும் எழுதலாம். பிள்ளை பெற்றதனால் அவள் வாழ்வு முடிந்துவிடவில்லை.

பெருமக்களே, லயத்தில் ஒரு பெண்ணைப் பற்றி வம்பு பேச நூறு வாய் உண்டு. அவள் சொல்வதைக் கேட்க ஒரு செவியாவது உண்டா? அந்த ஒரு செவி பெற்ற தாயின் செவியாக, தந்தையின் செவியாக இருக்கட்டும். "அம்மாவிடம் சொன்னால் கொன்றுவிடுவாள்" என்னும் அச்சம் நீங்கி, "முதலில் அம்மாவிடம் சொல்வோம்" என்னும் துணிவு நம் பெண்களுக்கு வருமாயின், கேடுகளுள் பெரும்பகுதி வருமுன்னரே தடுக்கப்படும். வந்தவையும் உயிரைக் குடிக்காமல் நீங்கும்.

இன்றிரவு உணவுக்குப் பின் மகளை அருகில் அமர்த்திப் பேசத் தொடங்குவோமாக.