மழைக்கு முன்னே மராமத்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இத்தகைய விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எனக்கு முன்னர்ப் பேசிய புலவர் சிலம்பின் சுவையில் நம்மை ஆழ்த்திவிட்டு அமர்ந்திருக்கிறார். அதன் பின்னர் மொட்டை மாடியின் வெடிப்பையும் குளியலறையின் கசிவையும் பற்றிப் பேச எழுந்திருக்கும் என்னைப் பொறுத்தருளுமாறு முதற்கண் வேண்டுகிறேன். நான் பொறியியல் கற்றவனல்லன். நாற்பதாண்டுக் காலம் மும்பையில் கணக்கெழுதிப் பிழைத்தவன். அந்தக் கணக்கில் நான் செய்த ஒரு பெரும் பிழையை அவையறியச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் நோக்கம்.

மராமத்து என்னும் சொல் அரபு மொழியிலிருந்து புறப்பட்டு நம்மிடம் வந்து நிலைத்துவிட்ட சொல். சொல் வெளியிலிருந்து வந்ததேயன்றிச் செயல் நமக்குப் புதியதன்று. மழைக்கு முன்னே ஊரார் ஒன்றுகூடி ஏரிக்கரையை உயர்த்துவதும் வாய்க்காலைத் தூர்வாருவதும் குடிமராமத்து என்று பெயர் பெற்றிருந்தன. வீட்டிலும் அவ்வாறே. ஐப்பசி மழை தொடங்குமுன் கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை எடுத்து மாற்று ஓடு செருகாத குடும்பத் தலைவரை நான் சிறு வயதில் கண்டதில்லை. ஒழுகிய பிறகு ஏறுவது என்பது அக்காலத்தில் நகைப்புக்கு இடமான செயல்.

வேலை தேடி இங்கு வந்த நாம் பொங்கலையும் தீபாவளியையும் உடன் கொண்டு வந்தோம். அந்தக் கூரை ஏறும் வழக்கத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டோம். மேலும், இங்கே மழையின் நாட்காட்டி வேறு. ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கி நான்கு மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கும் ஊர் இது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆகவே நம் ஊரில் புரட்டாசிக்குரிய வேலை இங்கே சித்திரைக்குரிய வேலையாகும். சித்திரையிலோ நாம் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு ரயிலேறிவிடுகிறோம்! திரும்பி வரும்போது மழையும் நம்மோடு கூடவே வந்து இறங்குகிறது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். நான் குடியிருக்கும் கட்டடத்தில் இருபத்திரண்டு குடும்பங்கள். அதன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்திற்கு அந்நாளில் நானே பொருளாளர். 2011ஆம் ஆண்டுப் பொதுக்குழுவில், நான்காம் மாடியில் தனியே வசிக்கும் ஒரு மூதாட்டியார் எழுந்து, தம் படுக்கையறைக் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓதம் கண்டிருக்கிறது என்றார். கொத்தனாரை அழைத்துக் கேட்டபோது, மாடியின் வெடிப்புகளை அடைத்து, வாட்டம் சரிசெய்து, நீர்க்காப்புப் பூச்சு இட ரூ. 60,000 ஆகும் என்றார். குடும்பத்திற்கு ரூ. 2,700 அளவில் வரும். நான் முதல் மாடியில் குடியிருப்பவன். "ஒரு வீட்டின் ஓதத்திற்காக இருபத்திரண்டு வீட்டார் பணம் கொடுப்பது எங்ஙனம் முறையாகும்?" என்று கேட்டேன். கைதட்டினார்கள். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டு கணக்கில் உபரி காட்டியதற்காக என்னைப் பாராட்டவும் செய்தார்கள்.

அம்மையார் வேறொன்றும் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் நீல நிறத் தார்ப்பாய் ஒன்றை வாங்கி மாடியில் தாமே விரித்துச் செங்கல் வைத்தார். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, அவருடைய கூரையின் பூச்சும் அதன் மேலிருந்த கான்கிரீட்டும் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்தன. அவர் காபி போடுவதற்காக எழுந்து சமையலறைக்குச் சென்றிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, தலையணை இருந்த இடத்தில் ஒரு கூடை அளவுக் கான்கிரீட் கிடந்தது. மேலே கம்பிகள் துருவேறி விலா எலும்புகள் போல் தெரிந்தன. அந்தக் காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அதன்பின் வந்த பொறியாளர் மாடித் தளத்தின் ஒரு பகுதியையும் இரண்டு உத்தரங்களையும் செப்பனிட வேண்டும் என்றார். சாரம் கட்டியது முதல் பூச்சு முடிந்தது வரை ரூ. 9 லட்சத்திற்கு மேல் ஆயிற்று. குடும்பத்திற்கு ரூ. 41,000. நான் மிச்சப்படுத்திய 2,700 ரூபாய், மூன்றே ஆண்டுகளில் பதினைந்து மடங்காய்த் திரும்பி வந்தது. கணக்கெழுதுகிறவனுக்கு இதைவிடத் தலைக்குனிவு வேறென்ன வேண்டும்?

இதற்குக் காரணம் என்ன என்று அந்தப் பொறியாளரிடமே பாடம் கேட்டேன். கான்கிரீட்டினுள் உள்ள இரும்புக் கம்பியை, சிமெண்டின் காரத்தன்மையே துருவினின்றும் காத்து நிற்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுகள் செல்லச் செல்ல உட்புகுந்து அக்காரத்தைக் குறைக்கிறது. கடற்காற்றின் உப்பும் கம்பியைத் தாக்குகிறது. வெடிப்பு வழியே நீரும் புகுந்துவிட்டால் துருவுக்கு வேறு துணை வேண்டுவதில்லை. துருவோ, தான் உண்ட இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருமன் கொள்வது. உள்ளிருந்து அது நெருக்க, மேலிருக்கும் கான்கிரீட் பிளக்கிறது. பிளவில் மேலும் நீர் புகுகிறது. ஆதலின் நம் கண்ணுக்கு வெடிப்பும் பெயர்ப்பும் தெரியும் நாளில் நோய் முற்றியிருக்கிறது.

டி சிட்டர் என்னும் டச்சுப் பொறியியலறிஞர் 1984ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். கட்டும்போதே செவ்வனே செய்ய ஒரு ரூபாய் ஆகுமெனில், துரு தோன்றுமுன் காக்க ஐந்து ரூபாய். ஆங்காங்கே துரு பிடித்த பின் செப்பனிட இருபத்தைந்து. எங்கும் பரவிவிட்டால் நூற்றிருபத்தைந்து. இது துல்லியமான விலைப்பட்டியலன்று, ஓர் அளவுகோல் என்றே கொள்ள வேண்டும். எனினும் என் பதினைந்து மடங்கை எண்ணும்போது, அவர் எங்கள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டுச் சொன்னாரோ என்று தோன்றுகிறது.

ஒரு கட்டடத்திற்கு நேர்ந்தது இந்நகரின் ஒரு பெரும் பகுதிக்கே நேர்ந்திருக்கிறது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940ஆம் ஆண்டு செப்டம்பரில் இருந்த அளவிலேயே நிறுத்தியது. ஏழைக் குடித்தனக்காரரைக் காத்த சட்டம் அது. நம்மவர் பலரும் அதன் நிழலில் வாழ்ந்தவர்களே. ஆயின், விலைவாசி ஏற ஏற, அந்த வாடகையில் சுண்ணாம்பு அடிக்கவும் இயலாது என்று வீட்டுக்காரர் கைவிட்டார். வீடு தம்முடையதன்று என்று குடியிருந்தவரும் கைவிட்டார். பின்னர் 1969இல் தனிச் சட்டம் இயற்றிச் செப்பனிடு வாரியம் ஒன்றை அமைத்து, அதற்கென வரியும் விதிக்க நேர்ந்தது. அவ்வரிக்கு உட்பட்டவை ஏறத்தாழ 19,600 கட்டடங்கள். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று பெண்டி பஜாரில் நூறாண்டு கடந்த ஒரு கட்டடம் இடிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்று நம்மிற் பெரும்பாலோர் சொந்த வீட்டில் இருக்கிறோம். மாடியைப் பொறுத்தமட்டில் மட்டும் இன்னும் குடித்தனக்காரரின் மனமே நமக்கு இருக்கிறது.

என்ன செய்யலாம்? மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயிலேறுமுன் மாடிக்குச் செல்லுங்கள். இரண்டு வாளி நீரைக் கொட்டி அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்குமிடமே நாளை ஒழுகுமிடம். மழைநீர்க் குழாயின் வாயில் இலையும் பிளாஸ்டிக் பையும் காற்றாடி நூலும் அடைத்திருக்கும்; கையை விட்டு எடுக்க நாணப்பட வேண்டாம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் பூச்சு விட்டிருக்கிறது.

அரசங்கன்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காக்கை இட்ட எச்சத்திலிருந்து சுவர்ப் பிளவில் முளைத்து, வாசற்படி ஏறாமலே நம் வீட்டில் குடியேறும் விருந்தாளி அது. தெய்வ மரமாயிற்றே என்று நம்மவர் தொட அஞ்சுகின்றனர். சிலர் தலையை மட்டும் கிள்ளிவிட, அது இரண்டு கிளையாய் வளர்கிறது. ஒரு விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு எடுத்து ஒரு தொட்டியில் நட்டு, ஏதேனும் திறந்த வெளியில் வைத்துவிடுங்கள். பாவமும் இல்லை, சுவரும் பிழைக்கும்.

வீட்டினுள் முதலில் கவனிக்க வேண்டியது குளியலறைத் தரை. ஓடுகளின் இடுக்கில் உள்ள வெள்ளைப் பூச்சு கரைந்துபோனால் சில நூறு ரூபாயில் மீண்டும் அடைத்துக்கொள்ளலாம். விட்டுவிட்டால், கீழ் வீட்டுக்காரரின் கூரைக்கும் அவரோடு நமக்குள்ள நட்புக்கும் சேர்த்து விலை கொடுக்க நேரும். சொட்டும் குழாயின் கீழ் ஒருநாள் வாளி வைத்துப் பாருங்கள். நான் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பணத்திற்கு வழி? மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க மாதிரி விதிகளே அதற்கு வகை செய்துள்ளன. ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 விழுக்காடு செப்பனிடு நிதிக்கும், 0.25 விழுக்காடு மூலதனச் சேம நிதிக்கும் ஒதுக்க வேண்டும் என்கின்றன அவை. முப்பதாண்டு கடந்த கட்டடத்தின் உறுதியைப் பொறியாளர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்று மாநகராட்சிச் சட்டமும் கூறுகிறது. பொருளாளராயிருந்த நான் இவ்விதிகளை அறியாதவனல்லன். செலவிடாத நிதியைச் சேமிப்பு என்று எண்ணி மகிழ்ந்தேன், அவ்வளவே.

ஒரு செய்தி சொல்லி அமர்கிறேன். எங்கள் கட்டடத்தில் இப்பொழுது மாடியைப் பார்வையிடும் பொறுப்பு அந்த அம்மையாரிடமே உள்ளது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கோடையில் வடகம் பிழிந்து காயவைக்கத் தாய்மார்கள் மாடியேறும்போது, பழைய வேட்டியை விரிக்கும் முன் தரையைக் குனிந்து பார்க்கிறார்கள் அல்லவா? வெடிப்பு எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. கண்டால், அம்மையார் கரித்துண்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, நாளும் எழுதி வைத்துவிடுகிறார். சென்ற ஆண்டு ஏழு வட்டங்கள். அடைக்க ஆன செலவு ரூ. 4,200. வவுச்சரில் கையெழுத்திட்டவன் நான். என் வீட்டுக்கு ஒரு டப்பா வடகமும் வந்தது.