மாற்று நுரையீரல் யாருக்குக் கிடைக்கிறது?

(தொழில்சார் நோய்கள் குறித்த தொழிற்சங்கக் கருத்தரங்கில், நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை பெற்ற பொதுத்துறை ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



சாவின் விளிம்பிலிருந்து மீண்ட ஒருவரைப் பேச அழைத்தால், அவர் தமது மன உறுதியைப் பற்றியும் மருத்துவர்களின் திறமையைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இவ்விரண்டின் பங்கையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான் இன்று உங்கள் முன் நின்று பேசுவதற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. முன்பின் அறியாத ஒரு குடும்பம் தன் துயரத்தின் உச்சத்தில் அளித்த கொடை ஒன்று. எங்கள் தொழிற்சங்கம் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற மருத்துவச் செலவுக்கான உரிமை மற்றொன்று. இவற்றில் இரண்டாவது கிட்டாத காரணத்தால் முதலாவதும் எட்டாமற்போன தொழிலாளர்களைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

எனக்கு வந்தது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். மென்மையான பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய உறுப்பு, காய்ந்த தோல்போல் விறைத்துவிடுகிறது. முதலில் மாடிப்படி ஏறுவது கடினமாகிறது. பிறகு குளிப்பதும் தலை சீவுவதும் கடினமாகின்றன. இறுதியில், உண்பதா மூச்சு விடுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வருகிறது. நீண்ட வாக்கியம் பேச இயலாது. இரண்டு சொற்களுக்கு ஒரு முறை நிற்க வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் கருவி இரவு பகலாக ஓடும். மின்சாரம் தடைபட்டால் மாற்று உருளையைப் பொருத்தும்வரை வீட்டிலுள்ளோர் படும் பதற்றத்தைச் சொல்லி மாளாது. மின்கட்டணம் கட்டக்கூட வழியற்ற வீட்டில் இந்த நோய் என்னவாகும் என்று அப்போதுதான் எண்ணத் தொடங்கினேன்.

மாற்று சிகிச்சைக்குப் பதிவு செய்த பின் காத்திருப்பு தொடங்குகிறது. இரத்த வகை பொருந்த வேண்டும். மார்புக்கூட்டின் அளவும் பொருந்த வேண்டும். நம் நாட்டில் உறுப்பு விற்பனையை 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். அதன் பின் குடும்பத்தாரின் ஒப்புதல் வேண்டும். இவ்வளவும் நிறைவேறினாலும், கொடையாக வரும் நுரையீரல்களில் பெரும்பாலானவை பயன்படும் நிலையில் இருப்பதில்லை. எடுக்கப்பட்ட நுரையீரலைச் சில மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். ஒருமுறை அழைப்பு வந்து மருத்துவமனைக்கு விரைந்தேன். உறுப்பு தகுதியற்றது எனக் கண்டு திருப்பி அனுப்பினார்கள். அடுத்த அழைப்பு வரும்வரை உயிர் தாங்குமா என்பது எவர் கையிலும் இல்லை.

அறுவை சிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. உடல் புதிய உறுப்பை அந்நியமாகக் கருதித் தாக்கும். அதைத் தடுக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை வாழ்நாள் முழுதும், குறித்த நேரத்தில், இரத்தத்தில் அவற்றின் அளவைச் சோதித்தபடி உட்கொள்ள வேண்டும். அம்மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்துவதால் சாதாரணச் சளியும் ஆபத்தாகலாம். நுரையீரல் மாற்று பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆறு அல்லது ஏழு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள் என்பதே உலக அனுபவம். இது நோயிலிருந்து முழு விடுதலை அல்ல. ஆயினும் மூச்சுக்காக ஏங்கியவனுக்கு ஒவ்வொரு நாளும் பெரிது.

இதன் விலை என்ன? தனியார் மருத்துவமனைகளில் அறுவைக்கு மட்டும் 25 முதல் 35 இலட்சம் ரூபாய் வரை ஆகிறது. மருந்துச் செலவு அதன் பின் மாதந்தோறும் தொடர்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் உச்சவரம்போ ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம். அரசுத் துறையில் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவனம் 2017இல்தான் முதல் நுரையீரல் மாற்றைச் செய்தது. இன்றும் இச்சிகிச்சை பெரும்பாலும் பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகளிலேயே நடக்கிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறு பேருக்கே கிடைக்கிறது. கொடுக்கும் குடும்பம் ஒரு பைசாவும் பெறுவதில்லை; பெறுபவரோ பணம் உள்ளவராகவோ, என்னைப் போல் பணி உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டியிருக்கிறது. சமூகம் இலவசமாகத் தந்த கொடை, சந்தையின் வாசல் வழியாகவே நோயாளியை வந்தடைகிறது.

தோழர்களே, என் நோய்க்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்தால் சொல்ல முடியவில்லை. ஆனால் காரணம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த ஒரு நுரையீரல் நோய் இருக்கிறது. கல்லுடைப்போரையும் கல் செதுக்குவோரையும் கொல்லும் சிலிக்கோசிஸ் அது. கண்ணுக்குப் புலப்படாத சிலிக்காத் துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் படிகின்றன. அவற்றை விழுங்கும் துப்புரவுச் செல்கள் தாமே மடிகின்றன. அந்த இடத்தில் தழும்பு உருவாகிறது. வேலையை விட்ட பின்னும் தழும்பு வளர்கிறது. குணப்படுத்த மருந்து இல்லை. முற்றிய நிலையில் எஞ்சும் ஒரே வழி நுரையீரல் மாற்று. அந்த வழியோ கல்லுடைக்கும் தொழிலாளிக்கு அடைபட்டே கிடக்கிறது.

ராஜஸ்தானின் சிரோஹி மாவட்டம் பிண்ட்வாராவில் நாடெங்கும் எழும் கோயில்களுக்குக் கல் செதுக்குகிறார்கள். உளியின் இடத்தை மின்சார அறுப்புக் கருவி பிடித்த பின் தூசு பெருகியது. இளம் வயதினரே மூச்சுத் திணறி வீழ்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டப் பழங்குடி மக்கள், பிழைப்புத் தேடிக் குஜராத்தின் கோத்ரா பகுதியிலுள்ள குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்குச் சென்று நோயோடு திரும்பினார்கள். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின், 2016 மே மாதம், இறந்த 238 தொழிலாளர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்சநீதிமன்றம் குஜராத் அரசுக்கு ஆணையிட்டது. ஓர் உயிருக்குக் கிடைத்த அத்தொகை, ஒரு நுரையீரல் மாற்றுக்கு ஆகும் செலவில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை.

இது புதிய கதையும் அல்ல. 1940களில் கோலார் தங்கவயலில் நடத்தப்பட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது. வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து சென்ற நம் மக்கள் அவர்களிடையே பெருந்திரளாக இருந்தனர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஆயினும் நியமன ஆணை இல்லாத, வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத தொழிலாளி, தான் எங்கு வேலை செய்தோம் என்பதையே மெய்ப்பிக்க இயலாது. பலர் காசநோய் என்று தவறாகக் கணிக்கப்பட்டு, அதற்கான மருந்தையே உண்டு மடிகிறார்கள். ராஜஸ்தான் 2019இல் தனிக் கொள்கை வகுத்து, நோய்ச் சான்று பெற்றோருக்கு 3 இலட்சமும் இறந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சமும் வழங்க முன்வந்தது. பாதிக்கப்பட்ட மக்கள் அமைப்பாகத் திரண்டதன் விளைவு அது. ஆனால் அங்கும் பணம் அரசிடமிருந்து வருகிறதே அன்றி, தூசை உண்டாக்கிய முதலாளி தண்டிக்கப்படுவதில்லை.

இந்நிலையில்தான் 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தியுள்ளது. தொழிற்சாலை என்னும் வரையறைக்குள் வர, மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் இதுவரை பத்துத் தொழிலாளர்கள் போதும். இனி இருபது பேர் வேண்டும். மின்சக்தி இல்லாத இடத்தில் இருபது என்பது நாற்பதாகியிருக்கிறது. கல் பட்டறைகளில் மிகப் பல சிறியவை என்பதை நாம் அறிவோம். ஆய்வாளர் இனி 'வசதி செய்து தருபவர்' என்றும் அழைக்கப்படுகிறார். யாருக்கு வசதி என்று தூசில் நிற்கும் தொழிலாளி கேட்கிறான்.

தூசைத் தடுக்க முடியாது என்பது பொய். நீர் பாய்ச்சித் துளையிடுதலும், தூசை உண்டாகும் இடத்திலேயே உறிஞ்சும் கருவியும் பல பத்தாண்டுகளாக உலகம் அறிந்தவை. ஆஸ்திரேலியாவில் செயற்கைக் கல் பலகைகளை அறுத்த இளம் தொழிலாளர்கள் இந்நோய்க்கு ஆளானபோது, தொழிற்சங்கங்கள் இடைவிடாது போராடின; 2024 ஜூலை முதல் அப்பலகைகளுக்கே அந்நாடு தடை விதித்தது. இத்தகைய பலகைகளை உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்யும் நம் நாட்டில் அவற்றை அறுப்போரின் நுரையீரலைச் சோதிப்பவர் யார்?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. தூசுள்ள ஒவ்வொரு பணியிடத்திலும், தொழிலாளர் எண்ணிக்கை எதுவாயினும், தடுப்பு ஏற்பாடும் ஆண்டுதோறும் மார்புச் சோதனையும் கட்டாயமாக வேண்டும். சிலிக்கோசிஸ் சான்று தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்; இழப்பீட்டை முதலாளியிடமிருந்து வசூலிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அரசு மருத்துவமனையிலேனும் நுரையீரல் மாற்று மையம் அமைத்து, அறுவையும் வாழ்நாள் மருந்தும் இலவசமாக்கப்பட வேண்டும்.

வரிசை முக்கியம், தோழர்களே. அழிந்த நுரையீரலுக்கெல்லாம் மாற்று தரும் அளவுக்குக் கொடைகள் ஒருபோதும் கிடைக்கப் போவதில்லை. 2023இல்தான் நாட்டில் இறந்தபின் உறுப்பளித்தோர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. சிலிக்காத் தூசின் கடும் ஆபத்தில் இருப்போரோ 30 இலட்சம் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1999இலேயே மதிப்பிட்டது. உறுப்புக் கொடையை ஊர்தோறும் வலியுறுத்துவோம்; நம் கட்சிக் குடும்பங்கள் அதில் முன்னிற்கட்டும். ஆனால் முதல் போராட்டம், தொழிலாளி பிறக்கும்போதே கொண்டுவந்த நுரையீரலைக் காப்பதற்கானது. கல்குவாரிக்கும் பட்டறைக்கும் சங்கத்தைக் கொண்டு செல்வோம்.