மைனஸ் முப்பதில் ஹைபிரிட் கார்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனடாவில் வின்னிபெக் நகரில் வசிப்பவன் என்பதால் குளிரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி அங்கே சாதாரணம். ஆனால் நான் ஒரு புகாரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் கல்லூரியில் எனக்கு மூன்று வருஷம் ஜூனியர் ஒருவர், என் பேச்சை நம்பி, பழைய டொயோட்டா பிரியஸ் ஒன்றை வாங்கினார். ஜூலையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தது. ஜனவரியில் போன் வந்தது. "அண்ணே, 13தான் குடுக்குது. பாட்டரி போயிடுச்சு, மாத்தணும்னு ஒர்க் ஷாப்ல சொல்றாங்க. ஊருக்குப் போக வச்சிருந்த டிக்கெட் பணம்தான் கையில இருக்கு." எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. வாங்கச் சொன்னவன் நானல்லவா!

மறுநாள் அவரோடு வண்டியில் போனேன். சிக்னலில் நின்றோம், எஞ்சின் நிற்கவில்லை. விஷயம் அங்கேதான் இருந்தது. ஹைபிரிட் வண்டி மிச்சம் பிடிப்பதே எஞ்சினை அணைத்து வைப்பதால்தான். பிரியஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சூடு வேண்டுமென்றால் அது எஞ்சினின் சுடுநீரிலிருந்து வர வேண்டும். புகைபோக்கியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடானால்தான் வேலை செய்யும். ஆகவே வண்டி நின்றாலும் எஞ்சின் ஓடுகிறது. திறமையான எஞ்சின் வீணாக்கும் சூடு குறைவு. குளிர்காலத்தில் நமக்கு வேண்டியதோ அந்த வீண் சூடுதான்! போதாததற்கு, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரியின் உள்தடை குளிரில் ஏறிவிடும். அது கொடுப்பதும் குறையும். பிரேக் போடும்போது வாங்கிக்கொள்வதும் குறையும். குளிர்கால பெட்ரோலிலும் சத்து சற்றுக் கம்மி.

அமெரிக்க அரசின் எரிபொருள் கணக்குப்படி, 25 டிகிரியிலிருந்து மைனஸ் 7க்கு இறங்கினால், நகர ஓட்டத்தில் சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஹைபிரிடுக்கு 30 முதல் 34 சதவீதம் வரை குறையலாம். நம்மவர் வண்டி மைனஸ் 30ல் 35 சதவீதம் இழந்திருந்தது. அதுவும் அவர் ஆபீஸ் ஐந்தே கிலோமீட்டர். எஞ்சின் சூடாவதற்குள் இறங்கிவிடுவார். "பாட்டரியைத் தொடாதே, மே மாசம் வரைக்கும் பொறு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளூர உதறல்தான்.

டொயோட்டாக்காரர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரியும். 2004 மாடல் பிரியஸில், வட அமெரிக்காவுக்காக ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க்கே வைத்தார்கள். சுமார் 3 லிட்டர் சூடான கூலன்ட்டைப் பத்திரப்படுத்தி, மறுநாள் காலை எஞ்சினுக்குள் அனுப்பும். நம் வீட்டுக் காப்பி ஃபிளாஸ்க் மாதிரியேதான். அடுத்த மாடலில் அதை எடுத்துவிட்டு, புகையின் சூட்டைக் கூலன்ட்டுக்குத் திருப்பினார்கள்.

நாங்கள் செய்தது எளிமையானது. முன் கிரில்லின் கீழ்ப் பாதியை ஃபோம் வைத்து அடைத்தோம். பிளாக் ஹீட்டர் மாட்டினோம். எங்கள் ஊரில் கார்களின் மூக்கில் பிளக் தொங்கும். கிளம்புமுன் மின்சாரத்தில் எஞ்சினைச் சூடாக்கிக்கொள்வோம். மைலேஜ் 15க்கு வந்தது.

ஸ்டார்ட் ஆவதில் மட்டும் அந்த வண்டி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. தனி ஸ்டார்ட்டர் கிடையாது. 200 வோல்ட் பாட்டரிதான் எஞ்சினைச் சுழற்றும். என் வண்டிதான் ஒருமுறை காலை வாரியது. இரண்டு வாரம் வெளியே நிறுத்திவிட்டு வந்தால், கம்ப்யூட்டரை எழுப்பும் சின்ன 12 வோல்ட் பாட்டரி செத்துக் கிடந்தது. பெரிய பாட்டரி நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை. அந்தக் குளிரில் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய லாரியிலிருந்து கேபிள் போட்டுத்தான் உயிர் வந்தது.

மே மாதம் போன் வந்தது. "அண்ணே, 20." டிக்கெட் பணம் தப்பியது. அவர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. மற்ற கேள்விகளை அவரிடமே கேளுங்கள்.