வண்டியை உயர்த்துமுன் யோசிக்க வேண்டியவை

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

ஒரு காலத்தில் நம் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சென்றது கட்டை வண்டி. இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் பிக்கப் என்னும் சிறு சரக்கு வண்டி செய்கிறது. அதை வாங்கிச் சில காலம் ஓட்டியதும், "இன்னும் இரண்டு பட்டை சேர்த்து உயர்த்திவிடலாமா?" என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வில் வண்டியில் பயணம் செய்த பெரியோர்கள், அதன் இருசுக்கு மேல் வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கியிருந்ததைக் கண்டிருப்பீர்கள். பிக்கப்பின் பின்புறத்திலும் இருப்பது அதே வில்தான். பாரம் ஏற்றினால் பின்புறம் தாழும் என்பதை அறிந்தே, வெறும் வண்டியின் பின்புறம் முன்புறத்தைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறு தொழிற்சாலையில் அமைக்கின்றனர். அமெரிக்காவில் பாரமின்றியே பிக்கப்பை ஓட்டுவோர் பலர். அவர்கள் முன்புறத்தை மட்டும் உயர்த்திச் சமமாக்கப் பொருத்துவது லெவலிங் கிட். முன்னும் பின்னும் உயர்த்துவது லிப்ட் கிட். பாரம் சுமக்கும் வண்டிக்கு லெவலிங் கிட் பொருந்தாது. சமமாக்கிய வண்டியில் மூட்டை ஏற்றினால் மூக்கு மேலே தூக்கும். விளக்கொளி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும்.

ஆகவே, முதலில் உங்கள் தேவை யாது என்று தெளிந்துகொள்ளுங்கள். உயர்த்த விரும்புவோர் கூறும் காரணங்கள் பொதுவாக மூன்று.

முதலாவது, "வண்டி தாழ்ந்துவிட்டது" என்பது. வெறும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலேயுள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வலமும் இடமும் வேறுபட்டால் பட்டை உடைந்தோ தளர்ந்தோ இருக்கலாம். அதற்கு மருந்து, வண்டிக்குரிய அசல் பட்டைக் கட்டை இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதே. அவ்வாறு மாற்றும்போது யூ போல்ட்டுகளும் புதியனவாக இருக்கட்டும். சில நாள் ஓடிய பின் அவற்றை மீண்டும் முடுக்கிப் பார்ப்பது அவசியம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, "இன்னும் அதிகப் பாரம் ஏற்ற வேண்டும்" என்பது. இங்கேதான் பெரும் தவறு நேர்கிறது. பட்டை சேர்த்தால் வில் தாழாது. ஆனால் இருசு, பேரிங், டயர், பிரேக்கு ஆகியவற்றின் வலிமை இம்மியும் கூடுவதில்லை. தாழ்ந்து நின்று எச்சரித்த வண்டியின் வாயை அடைத்துவிடுகிறோம், அவ்வளவே. மேலும், சில வண்டிகளில் பின் பிரேக்கின் வலிமையைப் பாரத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. சேஸுக்கும் இருசுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே அது பாரத்தை அறிகிறது. பின்புறத்தை உயர்த்திவிட்டால், பாரம் நிறைந்திருக்கும்போதும் வண்டி காலியென்றே அது கருதும். பின் பிரேக்கு வேண்டிய அளவு பிடிக்காது.

எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பதிவுச் சான்றே கூறும். எடுத்துக்காட்டாக, மொத்த எடை 2,900 கிலோ, வெற்று எடை 1,650 கிலோ எனக் கொள்வோம். மீதி 1,250 கிலோ. ஓட்டுநர், உடன் வருபவர் இருவருக்கும் 130 கிலோ கழித்தால் 1,120 கிலோ. 75 கிலோ மூட்டையானால் 14 மூட்டைகள் மட்டுமே. பதினைந்தாவது மூட்டைக்கு இடமிருக்கலாம், அனுமதி இல்லை.

மூன்றாவது, "வயல் தடத்தில் அடி தட்டுகிறது" என்பது. பின்புறம் முதலில் தட்டுவது பெரும்பாலும் இருசின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் உருண்டைதான். வில்லை உயர்த்தினால் மேற்கூடு உயருமேயன்றி, இருசு சக்கரத்தோடு பழைய உயரத்திலேயே நிற்கும். டயரின் விட்டத்தை இரண்டு அங்குலம் பெரிதாக்கினாலும் இருசு ஓர் அங்குலமே உயரும். வேகமானியும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

உயர்த்துவதால் வரும் பெரிய ஆபத்து கவிழ்தல். சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து நிற்கும் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் குறையக் குறைய வண்டி எளிதில் சாயும். பாதி அகலம் 70 செ.மீ., உயரம் 100 செ.மீ. என்றால் 0.70. வண்டியை உயர்த்தியதால் அந்த மையம் 10 செ.மீ. மேலே சென்றால் ஏறக்குறைய 0.64. வைக்கோலை மேலே மேலே அடுக்கினால் இன்னும் குறையும். நடவுக்கும் அறுவடைக்கும் ஆட்களைச் சரக்குத் தட்டில் நிறுத்தி அழைத்துச் செல்லும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அவ்வண்டி வாய்க்கால் கரைத் திருப்பத்தில் சாய்ந்தால் இழப்பு மூட்டைகளோடு நிற்காது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றவே கூடாது.

சட்டமும் இதில் கண்டிப்பாக உள்ளது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிகப் பாரத்துக்கு ரூ. 20,000 அபராதம், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. எனவே எந்தக் கிட்டையும் வாங்குமுன், வண்டித் தயாரிப்பாளரின் சேவை நிலையத்திலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் கேட்டறிதல் நலம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல வண்டிகள் ஒரே இடத்தில் அடி தட்டுகின்றன என்றால், குறை வண்டியில் அன்று, தடத்தில் இருக்கிறது. வாய்க்கால் கடக்கும் இடத்தில் ஒரு குழாய்ப் பாலமும், பள்ளத்தில் கிராவல் நிரப்பலும், நீர் வடிய ஓர் ஓரக்கால்வாயும் அமைத்தால் ஊரிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் அது பயன் தரும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அத்தகைய இடங்களைப் பட்டியலிட்டுத் தீர்மானம் கொண்டு வாருங்கள். வண்டி வைத்திருப்போர் இன்று மாலையே அளவுகோலை எடுத்து நான்கு சக்கரங்களையும் அளந்து பாருங்கள்.