தாகத்தின் கடைசிக் கண்ணி



சித்திரை மாதம், மதியம் மூன்று மணி. செட்டியார்பட்டியில் தகரக்கூரை போட்ட செட்டுக்குள் ஒருவர் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதே நேரத்தில் அவருடைய தம்பி கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாவு பிசைகிறார். இரண்டு பேர் நாக்குக்கு அடியிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டும் 37 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். வெளியே எவ்வளவு வித்தியாசம்! உள்ளே ஒரு டிகிரிக்குக்கூட இடம் இல்லை.

இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லித்தான் என்னை வானொலிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது தண்ணீர்க் கணக்கு. அதைப் பேசி முடித்து நேரம் மிச்சம் இருந்தால் மற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் கிளாட் பெர்னார்ட் என்ற உடலியல் அறிஞர் ஒன்றைக் கவனித்தார். நம்முடைய உயிரணுக்கள் வெளிக்காற்றில் வாழவில்லை, உடம்புக்குள் இருக்கும் உப்பு நீரில் வாழ்கின்றன. அந்த நீரின் சூடும் உப்பும் மாறாமல் இருப்பதால்தான் நாம் கொடைக்கானலுக்கும் போகலாம், தறி செட்டுக்கும் போகலாம். 1926இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்த வால்டர் கேனன் இந்த ஏற்பாட்டுக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சைக்கு எழுதுவார்களே, அதேதான்.

ராஜபாளையம் பக்கத்து மில் தொழிலாளிகளுக்கு இதைப் புரியவைப்பது எனக்கு எப்போதும் சுலபம். பருத்தி நூல் காய்ந்த காற்றில் சட்சட்டென்று அறுந்துபோகும். அதனால் மில்லுக்குள் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓடும். காற்றில் ஈரம் குறைந்தால் சென்சார் கண்டுபிடிக்கும், தண்ணீர்த் தெளிப்பு கூடும். வேண்டிய அளவு வந்ததும் தெளிப்பு தானாகக் குறையும். உணர்வது, வேண்டிய அளவோடு ஒப்பிடுவது, திருத்துவது, திருத்தியது போதுமா என்று மறுபடி உணர்வது. இதற்குத்தான் பின்னூட்டம் என்று பெயர். உடம்புக்குள் இப்படிப்பட்ட ஏற்பாடு நூற்றுக்கணக்கில் ஓடுகிறது.

சூட்டுக் கணக்கைப் பார்ப்பது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். ரத்தத்தின் சூடு கொஞ்சம் ஏறினால் போதும், இரண்டு உத்தரவு போடும். முதல் உத்தரவு, தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரியட்டும் என்று. இரண்டாவது, வேர்க்கட்டும் என்று. நம் தோலில் இருபது முதல் நாற்பது லட்சம் வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி சூடு வெளியேறும். ஆவியானால், என்கிறேன். கீழே சொட்டினால் பிரயோஜனம் இல்லை.

1774இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் நண்பர்களோடு ஒரு காரியம் செய்தார். நன்றாகக் காயவைத்த அறையைத் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கும் மேலே ஏற்றிவிட்டு உள்ளே போய் நின்றார்கள். கூடவே முட்டையும் மாட்டுக்கறியும் கொண்டுபோனார்கள், ஒரு நாயையும் கூடையில் வைத்துக் கொண்டுபோனார்கள். முட்டை வெந்தது, கறி வெந்தது. மனிதர்களும் நாயும் நல்லபடியாக வெளியே வந்தார்கள். காரணம், அந்தக் காற்று வறண்ட காற்று. வேர்வை உடனுக்குடன் ஆவியாகிவிட்டது. அதே அறையில் ஈரக்காற்று இருந்திருந்தால் அந்தச் சூட்டில் ஒரு நிமிஷம் நின்றிருக்க முடியாது. நாய் எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்தே சூட்டைக் கழித்துவிடும். நம் ஊர் ராஜபாளையம் நாய் வைத்திருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தறி செட்டுக்கு வாருங்கள். நூலுக்கு ஈரக்காற்று வேண்டும். ஓட்டுகிற ஆளுக்கோ வேர்வை ஆவியாக வறண்ட காற்று வேண்டும். நூலுக்குப் பிடித்த காற்று ஆளுக்கு ஆகாது. மூளை உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும், சுரப்பிகளும் வேர்வையைக் கொட்டிக்கொண்டே இருக்கும், சட்டை பிழியப் பிழிய நனையும், சூடு மட்டும் இறங்காது. சூடு இறங்கவில்லை என்று மூளை இன்னும் வேர்க்கச் சொல்லும். இந்தச் சங்கடம் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை எழுதியவர்கள் செயற்கையாக ஈரப்பதம் ஏற்றுவதைக் கட்டுப்படுத்தவே ஒரு தனிப் பிரிவு வைத்தார்கள்.

சரி, இவ்வளவு வேர்வைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ரத்தத்திலிருந்துதான். இங்கேதான் எனக்குப் பிடித்த கதை ஆரம்பிக்கிறது.

தண்ணீர் போகப்போக ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடும். ஹைப்போதலாமஸ் பக்கத்தில் சில நரம்பணுக்கள் இருக்கின்றன. அந்த இடத்தில் மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு தளர்ந்திருப்பதால் ரத்தத்தின் உப்பை அவற்றால் நேரடியாகப் பார்க்க முடிகிறது. உப்பு கூடினால் அந்த அணுக்களிலிருந்து தண்ணீர் வெளியே இழுபடும், அணு சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் செய்தி. நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு உப்பு ஏறினாலே போதும், கண்டுபிடித்துவிடும். என் கிளினிக்கில் இருக்கும் எந்தக் கருவிக்கும் அப்படி ஓயாத கவனம் கிடையாது.

உடனே பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன், சுருக்கமாக ஏ.டி.எச். அது ரத்தத்தோடு போய்ச் சேரும் இடம் சிறுநீரகம். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு வடிகட்டும் நீர் எவ்வளவு தெரியுமா? சுமார் 180 லிட்டர். வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மிச்சமெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே வந்துவிடும். பெரும்பகுதி யார் சொல்லாமலும் திரும்பும். கடைசிப் பங்கை மட்டும் ஏ.டி.எச். தீர்மானிக்கும். சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில் உள்ள அணுக்களுக்குள் தண்ணீருக்கு மட்டும் வழிவிடும் நுண்ணிய புரதங்கள் சும்மா கிடக்கும். ஏ.டி.எச். வந்து தொட்டதும் அவை அணுவின் சுவருக்கு நகர்ந்து பொருந்திக்கொள்ளும். அந்த வழியாகத் தண்ணீர் உடம்புக்குத் திரும்பும். இந்த வகைப் புரதங்களைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதனால்தான் வெயிலில் வேலை பார்த்த அன்று சிறுநீர் குறைவாக, அடர்ந்த மஞ்சளாகப் போகிறது. அது நோய் இல்லை, உடம்பு சிக்கனம் பிடிக்கிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போகிற அண்ணாச்சிமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சாராயச் சத்து இந்த ஏ.டி.எச்.ஐ அடக்கிவிடும். குடித்த இரவில் அடிக்கடி எழுந்து போவதும், காலையில் நாக்கு வறண்டு கிடப்பதும் பெருமளவு இதனால்தான்.

ஆனால் சிறுநீரகத்தால் சிக்கனம் பிடிக்கத்தான் முடியும். போன தண்ணீரை அதனால் உண்டாக்க முடியாது. அதற்காக மூளை அனுப்பும் அடுத்த செய்திதான் தாகம். பாருங்கள், ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறோம், அடுத்த நிமிஷமே தாகம் அடங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீர் இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது, ரத்தத்தில் கலந்து உப்பைக் குறைக்க இன்னும் நேரமாகும். அதற்குள் எப்படி அடங்கியது? வாயும் தொண்டையும் விழுங்கிய அளவை மூளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் தாகத்தைத் தூண்டும் நரம்பணுக்கள் நீர் குடிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அடங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். இந்த முன்கணக்கு மட்டும் இல்லாவிட்டால் ரத்தம் சரியாகும்வரை குடித்துக்கொண்டே இருப்போம், அளவுக்கு மேல் போய்விடும்.

இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டில் ஒரே ஒரு கண்ணி மட்டும் உடம்புக்கு வெளியே இருக்கிறது. அது நாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பது. அந்தக் கடைசி வேலையை எந்த ஹார்மோனாலும் செய்ய முடியாது.

தையல் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் நீர்க்கடுப்பு என்று வந்தார். இந்தப் பக்கத்தில் தளவாய்புரம் நைட்டி என்றால் ஊருக்கே தெரியும், அந்தத் தையல்தான். மருந்து எழுதிக்கொடுத்த மறுமாதமே திரும்ப வந்தார்.

“ஏம்மா, தண்ணி குடிக்கச் சொன்னேனே?”

“குடிச்சா ரெண்டு வாட்டி போகணும்ல டாக்டரய்யா. அங்க கக்கூஸ் கதவுக்குத் தாப்பாளே கிடையாது. வீட்டுக்குப் போயிட்டு வரணும். போயிட்டு வர்றதுக்குள்ள ஒரு நைட்டி போயிரும்.”

பீஸ் கணக்கில் கூலி. ஒரு நைட்டி போனால் அந்தக் காசு போச்சு. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே காபியைக்கூடப் பாதி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாராம். அவருடைய மூளையும் பிட்யூட்டரியும் சிறுநீரகமும் அவரவர் வேலையைக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தன. தாகமும் எடுத்திருக்கிறது. தாகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தாழ்ப்பாள் இல்லை, அவ்வளவுதான். நான் எழுதிக்கொடுத்த மாத்திரை அதற்கு என்ன செய்யும்?

இது ஒரு செட்டின் கதை இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவும் வெயிலில் வேலை பார்ப்பவர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். சூடும் கழிப்பறை இல்லாத பணியிடமும் சேர்ந்தால் பெண்களுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டுமே எடுத்துக்கொண்டு 2016இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தண்ணீரைக் குறைப்பது, சிறுநீரை அடக்குவது, அதனால் வரும் சிறுநீர்ப் பாதை உபாதைகள், எல்லாம் அதில் இருக்கின்றன. பிறகு தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளிகளிடம் சூட்டுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பையும் பார்த்தார்கள். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம். வெளியூரிலிருந்து புதிதாகத் தறிக்கு வந்த பையன்களின் சட்டை முதுகில் சாயங்காலம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஒன்றிரண்டு வாரம் போனால் குறைந்துவிடும். அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வேர்வையிலிருந்து உப்பைத் திரும்ப இழுக்கத் தொடங்கிவிடும். வேர்வை சீக்கிரமே வரும், நிறைய வரும், உப்பு மட்டும் குறைவாகப் போகும். உடம்பு பழகிக்கொள்கிறது. ஆகவே புதிதாக வந்த ஆளை முதல் நாளே கடும் வெயில் வேலையில் விடாதீர்கள். நிறைய வேர்ப்பவர்கள் வெறும் தண்ணீராகக் குடம் குடமாகக் குடிப்பதும் சரியில்லை. உப்புப் போட்ட மோர், நீராகாரம், கம்மங்கூழ் இதெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது. வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். அதில் சர்க்கரை எதற்கு என்று கேட்பார்கள். குடலில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே வரும். 1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் முகாமில் காலரா நோயாளிகளுக்கு டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைத்தான் டிரம்மில் கரைத்துக் கொடுத்துப் பிழைக்கவைத்தார். சிறுநீரகமோ இதயமோ பழுதானவர்கள் மட்டும் உங்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. மற்றதை ஓட்டமாகச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை இன்சுலின் இறக்கும், பட்டினியில் இறங்கினால் குளுக்ககான் ஏற்றும். சர்க்கரை நோயில் இந்த ஏற்பாடுதான் தடுமாறுகிறது. காய்ச்சலில் ஹைப்போதலாமஸ் பழுதாவதில்லை, வேண்டிய அளவையே உயர்த்தி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதும் நடுங்குகிறது. மாத்திரை போட்டு அளவு இறங்கினதும் குப்பென்று வேர்க்கிறது. பிரசவம் இதற்கெல்லாம் நேர்மாறு. வலி ஏற ஏற ஆக்சிடோசின் கூடும், ஆக்சிடோசின் கூடக் கூட வலி ஏறும், குழந்தை வெளியே வந்ததும் நிற்கும்.

இன்னொன்று, இது அவசரமானது. வெயிலில் வேலை பார்த்தவர் பேச்சுக் குழறினால், உடம்பு கொதித்து நினைவு தடுமாறினால், அங்கே சூட்டுக் கணக்கு கைவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வயதானவர்களுக்குத் தாகமே மந்தமாகத்தான் தெரியும், கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

நம் உடம்பு தன் பங்கை விடாமல் செய்கிறது. கடைசிக் கண்ணி நம் பொறுப்பு. செட் வைத்திருக்கிற முதலாளிமாரிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. கை எட்டும் தூரத்தில் ஒரு பானைத் தண்ணீர், கதவும் தாழ்ப்பாளும் போட்ட ஒரு கழிப்பறை, எழுந்து போனால் முகம் சுளிக்காத ஒரு மேஸ்திரி. அடுத்த சித்திரைக்குள் இந்த மூன்றும் நம் பக்கத்துச் செட்டுகளில் வந்துவிட்டால் என் கிளினிக்கில் கூட்டம் குறையும். எனக்கு அந்த நஷ்டம் சம்மதம்.