விதை ஏன் உறங்குகிறது?



யாழ்ப்பாணத் தீவகத்துச் செடிகள் நனைவது ஆண்டில் சில மாதங்கள்தான். ஐப்பசியில் தொடங்கும் மாரி மார்கழியோடு ஓயும். பிறகு வெயில், சோளகக் காற்று, உவர் ஏறும் கிணறுகள். இடையில் பெய்யும் ஒரு தூறலை நம்பி எல்லா விதையும் முளைத்தால் அடுத்த வாரமே கருகிப்போகும். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் பல மூலிகைகள் நிலைத்திருப்பதற்கு, ஏற்ற காலம் வரை முளைக்காமல் காத்திருக்கும் உறங்குநிலையே காப்பு. நாற்றுமேடை போடுபவருக்குத்தான் அது தலைவலி.

மருந்துக்கான செடியைப் பற்றைகளில் பிடுங்கிக்கொண்டே இருந்தால் ஒருநாள் பற்றை வெறுமையாகும். நட்டு வளர்க்க வேண்டும் என்றால், ஒவ்வொரு விதையும் எந்தப் பூட்டைப் போட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

குன்றிமணியை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டாலும் காலையில் அதே சிவப்பு, அதே கடினம். அதன் தோல் நீரை உள்ளே விடாது. கரும்புள்ளிக்கு எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் விதை ஊறிப் பருக்கும். ஆய்வுகூடத்தில் அடர் சல்பூரிக்கமிலம் செய்வதும் இதே வேலைதான். ஆபிரிக்காவிலிருந்து வந்து நெடுந்தீவில் நிற்கும் பெருக்கமரத்தின் விதைக்கும் இப்படித் தோலை இளக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய விதையை முளைப்பைத் தூண்டும் ஓமோன் கரைசலில் ஊறவைப்பது வீண். கரைசல் உள்ளே போனால்தானே!

வேறு சில விதைகளில் தடை உள்ளே இருக்கிறது. 1960களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கருவை அடக்கிவைக்கிறது. அதற்கு எதிராக நின்று முளைப்பைத் தூண்டுவது ஜிபரலின் என்ற ஓமோன். 1926இல் குரோசாவா என்ற ஜப்பானியர், நெற்பயிரை அளவுமீறி நெட்டையாக்கிச் சாய்க்கும் பூஞ்சை நோயை ஆராய்ந்தபோது அகப்பட்ட தடயம் அது. ஜிபரலின்களில் ஒன்றான ஜிபரலிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. சிறிதளவு அற்ககோலில் கரைத்த பிறகே நீர் சேர்க்க வேண்டும். அளவு கூடினால் நாற்று மெலிந்து நீண்டு விழும்.

தேங்காய்த் தண்ணீருக்கும் இந்த ஓமோன் வரலாற்றில் இடமுண்டு. தாவர ஆய்வாளர் வான் ஓவர்பீக்கும் அவருடைய தோழர்களும் 1941இல் ஊமத்தையின் முதிராத கருக்களை வளர்த்தெடுத்தது அதைச் சேர்த்துத்தான். அதில் கலப்பிரிவைத் தூண்டும் சைற்றோகைனின்கள் இருப்பது பிற்பாடு தெரியவந்தது.

கார்த்திகைப்பூவின் கதை வேறு. கோடையில் கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் ஓய்ந்திருந்து மாரியில் தளிர்க்கும். நுனியிலுள்ள முளை முறிந்த கிழங்கை எந்த மருந்தில் நனைத்தும் பெரும்பாலும் பயனில்லை. கொல்கிசின் என்ற கடும் நஞ்சு கொண்ட செடி என்பதால் கையாளுவதிலும் கவனம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இரசாயனம் தேவை என்பதுமில்லை. சீந்தில் தண்டை வெட்டி ஊன்றினாலே வேர்விடும். வேப்பம்விதை உறங்குவதே இல்லை; சில வாரங்களில் உயிர்ப்பை இழந்துவிடும். பழம் விழுந்த கையோடு விதைப்பதே அதற்கு வழி.

இந்த மாநாட்டில் கட்டுரை படிப்போரிடம் நாம் எதிர்பார்ப்பது இதுதான்: விதை எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது, எத்தனை நாள் வைக்கப்பட்டது, ஊற்றிய கிணற்று நீரின் உவர் எவ்வளவு என்பவற்றை முளைப்பு வீதத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் நீரில் ஊறிய விதைகளின் முடிவையும் பக்கத்தில் வையுங்கள். அப்போதுதான் அடுத்த ஐப்பசிக்கு எந்த விதையை எப்படி விதைப்பது என்று தீவகத்து வைத்தியருக்கும் விவசாயிக்கும் இந்த மாநாடு சொல்ல முடியும். முதலாம் அமர்வு தொடங்கட்டும்.