தண்ணீர் வடிந்தாலும் கண் காய்ந்திருக்கலாம்

(தோட்டக் கிளையின் மாதர் கூட்டத்தில் ஆசிரியர் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் கூட்டத்தில் இன்று கண்ணைப் பற்றிப் பேசுகிறேன். காரணம் எங்கள் அம்மா. மலையிலிருந்து வந்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அடுப்புப் புகை என்றோம். தம்பி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன கவலை என்றும் நினைத்தோம். கிளினிக்கில் வைத்தியர் சொன்னார், கண் வறட்சி என்று.

தண்ணீர் கொட்டுகிற கண் எப்படிக் காயும்? கண்ணீரில் தண்ணீரோடு எண்ணெய்ப் பசையும் உண்டு. அந்தப் பசை குறைந்தால் ஈரம் சீக்கிரம் போய்விடும். கண் உறுத்தும், எரியும். அந்த உறுத்தலுக்குத்தான் தண்ணீர் வடிகிறது.

வயது, மாதவிடாய் நிற்பது, சீனி வருத்தம், சில அலர்ஜி மாத்திரைகள், மலைக்காற்று, புகை, தொழிற்சாலைத் தூசு, ஓயாமல் போன் பார்ப்பது எல்லாம் இதற்குக் காரணமாகலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியது இது. சுத்தமான துணியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள். மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். பிறகு இமையை ரோமப் பக்கமாக மெதுவாகத் தடவுங்கள். அடுப்புக்கு முன் குனிந்து ஊதாதீர்கள்.

அடுத்தது செயற்கைக் கண்ணீர்த் துளி. நாளுக்கு 4 தடவைக்கு மேல் தேவையானால், பதனப்பொருள் சேராத மருந்தைக் கேளுங்கள். பதனப்பொருள் சேர்ந்த போத்தலைத் திறந்தால் ஒரு மாதத்தில் எறிந்துவிடுங்கள். இரவுக்குப் பசை மருந்து உண்டு. இவை போதாவிட்டால் வைத்தியர் சைக்குளோஸ்போரின் துளி கொடுப்பார். அல்லது கண்ணீர் வடியும் துவாரத்தைச் சிறு அடைப்பான் வைத்து மூடுவார். பொறுமை வேண்டும், பலன் தெரிய வாரக்கணக்காகும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பக்கத்துக் காம்பராவில் மிச்சமிருந்த மருந்தை அம்மாவும் ஊற்றியவர்தான். அதில் ஸ்டீரொய்ட் இருந்தால் சிவப்பு உடனே குறையும். ஆனால் வைத்தியர் பார்வையில்லாமல் நெடுநாள் ஊற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம். அப்படிப் போன பார்வை திரும்பாது. தாய்ப்பாலும் ஊற்றாதீர்கள். கண்ணில் கிளை குத்தினாலோ, கடும் வலி வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மா ஏன் இரண்டு வருடம் கிளினிக்குப் போகவில்லை? அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் போனால் அன்றைய பேர் கிடையாது, பஸ் காசும் கையிலிருந்து. கண் மங்கினால் கொழுந்து குறையும், குறைந்தால் அரைப் பேர். ஆகவே இது சம்பளப் பிரச்சினையும்தான்.

கமிட்டி மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். கிளினிக் நாளுக்குப் பேர் போட வேண்டும். சலிக்கும் அறையில் வேலை செய்வோருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை தோட்டத்திலேயே கண் பரிசோதனை வேண்டும்.

பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கண் உறுத்துகிறவர்கள் இன்றே தலைவியிடம் பெயர் கொடுங்கள். அடுத்த கிளினிக் நாளில் சேர்ந்தே போவோம், நானும் வருகிறேன்.